கதவுக்குப் பின்னால் ஒரு கை

ஜூன் 9

தலைக்கு வால் ஆட்டிக்கொண்டே எழுதுவது,

இங்க எல்லாரும் இருக்கற மாதிரியே இருக்கோம். அம்மாவுக்கு முட்டிவலி, அப்பாவுக்கு டிவி வலி, எனக்குப் பரீட்சை வலி. உன் உடம்பு எப்படி இருக்குன்னு ரெண்டு வரி வந்தா மூணு வலியும் கொஞ்சம் குறையும்.

கல்யாணமாகிப் போய் இத்தனை மாசம் கழிச்சு, 'ஃபோன் வேண்டாம் வாலு, லெட்டர் எழுது, திரும்பத் திரும்பப் படிக்கலாம்'னு சொல்றே அக்கா. சரி, எழுதறேன். ஆனா 'இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு மனிதர்கள் காகிதத்தில் எழுதுவதையே மறந்துவிடுவார்கள்'னு நம்ம டைக்காரர் டிவியில அடிச்சுச் சொன்னார். இந்த லெட்டரால அவர் மானம் போகுது. பழி உன் தலைமேல, தலை.

டைக்காரர் பேச்சை ஏன் எடுத்தேன்னா, ஸ்கூல்ல கட்டுரைப் போட்டி. தலைப்பு, 'அன்று சொன்ன எதிர்காலம்'. மத்ததுங்க எல்லாம் இணையத்துல துழாவிட்டு இருக்கு. டிவி மெக்கானிக் பெத்த பொண்ணுக்கு அந்தக் கஷ்டம் எதுக்கு? நான் பொறக்கறதுக்கு முன்னாடி வந்த 'நாளை நம் வீட்டில்' நிகழ்ச்சி மொத்தமும் அப்பா கடைப் பரண்ல டேப்பா தூங்குது. அப்பா வீடியோ டெக்கைத் துடைச்சுப் போட்டுக் கொடுத்தார். நிகழ்ச்சி நடத்தற டைக்காரர் அதே அகல டையோட, மீசையை வருங்காலத்துப் பக்கமா முறுக்கிட்டு வந்து நின்னார்.

இதுவரைக்கும் நான் போட்ட மார்க்: மணிக்கட்டு டெலிபோன், பாஸ். சுவர்ல மாட்டற டிவி, பாஸ், அதுல அப்பா தொழில் ஃபெயில். சாப்பாட்டுக்குப் பதிலா மாத்திரை, ஃபெயில். அம்மா சாப்பாட்டைச் சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை தேவைப்படுது. காகிதத்துல சட்டை... மழை நாள்ல பஸ் ஸ்டாப்பை நினைச்சுப் பார்த்து நானே ஃபெயிலாக்கிட்டேன்.

நேத்து அதுல 'நாளைய வீடு'ங்கற எபிசோடு பார்த்தேன். அந்த வீட்டுக்காரியா வர்ற நம்ம சிரிப்பம்மா பட்டனை அமுக்கி அமுக்கிச் சிரிச்சா. 'இதோ, தானே திறக்கும் கதவு!'ன்னு டைக்காரர் கையை வீசறார், கதவு சிக்கிக்குது, பின்னாடியிருந்து ஒரு கை வந்து அதைப் பிடிச்சு இழுக்குது! டைக்காரர் பார்க்காத மாதிரி பேசிட்டே போறார். நான் உருண்டு உருண்டு சிரிச்சேன். ஆனா பக்கத்துல நீ இல்லாததால பாதியில சிரிப்பு சிக்கிக்கிச்சு, கதவு மாதிரி. அதுலேர்ந்துதானே நாம எந்த மெஷின் தானா ஓடினாலும் 'கை யாருது?'ன்னு கேட்க ஆரம்பிச்சோம்? ஏடிஎம்ல பணம் வந்ததும் நீ குனிஞ்சு ஓட்டைக்குள்ள கேட்டே, வரிசையில நின்னவர் ரெண்டு அடி பின்வாங்கினார்.

மாமா முதல் தடவை உன்னைப் பொண்ணு பார்க்க நம்ம வீட்டுக்கு வந்த அன்னிக்கு, வீடுகளுக்குத் தானியங்கிக் கதவும் கேமராவும் பொருத்தற கம்பெனி நடத்தறேன், என் வீட்டுக் கதவு முகம் பார்த்துத் திறக்கும்னு சொன்னார். அப்பா நாற்காலியை விட்டு எழுந்தே நின்னுட்டார். நீயும் வாயைப் பிளந்தே. அதுக்கு மேல யாரும் அவரை எதுவும் கேட்கலை. ஆக நீ இப்போ குடியிருக்கறது சாட்சாத் 'நாளைய வீடு'. அங்க எது எது பலிச்சுதுன்னு எழுது, கட்டுரையில உன் பேரைப் போடறேன்.

பதில் வர்ற வரைக்கும் வாசலையே பார்த்துக் குழையும்,
வாலு

பி.கு.: கணக்குப் பரீட்சை நடுவுல ஸ்கூல் தீ மணியை அமுக்கினதுக்கு என்னை வெளிய நிறுத்தினாங்களே, அந்தக் கறையை இந்தக் கட்டுரையாலதான் துடைக்கணும். தப்புதான். ஆனா மணி அடிச்ச நிமிஷம் அத்தனை கதவும் திறந்து மொத்தப் பள்ளிக்கூடமும் வெளிய கொட்டின அழகை நீ பார்த்திருக்கணும்.


ஜூன் 24

என் செல்ல வாலுக்கு,

நான் நல்லா இருக்கேன். மாமாவும் நல்லா இருக்கார். நீங்க மூணு பேரும் நல்லா இருக்கீங்கன்னு படிச்சதும் மனசு நிறைஞ்சுது.

உன் கட்டுரைக்கு எழுதறேன். விளக்கு தானா எரியும். பால் தீரப்போகுதுன்னு ஃப்ரிட்ஜே கடைக்குச் சொல்லிடும், சாமான் எல்லாம் வாசலுக்கு வந்துடும். நான் கீழ இறங்கவே வேண்டாம். எந்த அறையில நான் இருக்கேன்னு வீட்டுக்குத் தெரியும். ஒருநாள் ஜன்னல்கிட்ட நின்னுட்டிருந்தேன். மாமா ஆபீஸ்லேர்ந்தே கேமராவுல பார்த்துட்டு, 'என்ன, ரொம்ப நேரமா அங்கயே நிக்கறே? கால் வலிக்கும், உட்காரு'ன்னு ஸ்பீக்கர்ல சொன்னார். அவ்வளவு அக்கறை.

இங்கயும் ஒரு கண் ஆஸ்பத்திரி இருக்கு. பழையபடி கண்ணாடிக்குப் பவர் பார்க்கற வேலைக்கு அடுத்த மாசம் போகலாம்னு இருக்கேன். போன மாசமும் அப்படித்தான் இருந்தேன். அவசரம் என்னன்னு மாமா சொல்றார்.

அம்மா முட்டிக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்லு. அப்பாவைக் கேட்டதாச் சொல்லு. நீ மறுபடி எழுது. பெரிசா எழுது.

உன்,
தலை

(அடியில், வேறு கையெழுத்தில்)

வாலு, உன் லெட்டரை நான்தான் சத்தமாகப் படித்தேன். இரண்டு பேரும் சிரித்தோம். நம் வீட்டில் 'கை' எல்லாம் கிடையாது, எல்லாம் என் ஃபோனில். கரண்ட் போனாலும் பேட்டரி உண்டு. கட்டடத்தில் தீ மணி அடித்தால் மட்டும் எல்லா வீட்டுக் கதவும் தானாகத் திறந்துவிடும். அது சட்டம், என்னாலேயே மாற்ற முடியாது. இதையும் கட்டுரையில் சேர்த்துக்கொள். — மாமா


ஜூலை 2

தலைக்கு,

வாலும் வாலைப் பெத்தவங்களும் நலமே. அங்கயும் அப்படியே இருக்கணும்னு அம்மா அடுப்படியிலேர்ந்து கத்தறா, எழுதிட்டேன்.

ஸ்பீக்கர்ல புருஷன் பேசற வீட்டை டைக்காரரே யோசிக்கலை! அப்பா உன் லெட்டரைக் கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் படிச்சுக் காட்டறார். 'என் மாப்பிள்ளை ஃப்ரிட்ஜுக்கே பேச்சு வரவழைச்சுட்டார்'னு பெருமை. அம்மா மட்டும், 'நின்னா ஏன் உட்காரச் சொல்லணும்?'னு கேட்டா. அம்மா எதையும் நேராக் கேட்க மாட்டா, உனக்குத்தான் தெரியுமே.

அவ கேட்கச் சொன்ன இன்னொண்ணு. எப்போ ஃபோன் போட்டாலும் மாமாதான் எடுக்கறார், நீ குளிக்கறேங்கறார். நீ என்ன மீன் குஞ்சா, எந்நேரமும் தண்ணியிலயே கிடக்க?

ஒரு கூத்து கேளு. அப்பா கடையிலேர்ந்து எல்லா டிவிக்கும் வேலை செய்யற ரிமோட்டைச் சுட்டேன். தெருவுல நின்னு எதிர்வீட்டு ஜன்னல் வழியா தையல்காரர் டிவியை மாத்தினேன். அவர் செய்தி வெப்பார், நான் குத்துச்சண்டை வெப்பேன். அவர் சத்தத்தைக் குறைப்பார், நான் கூட்டுவேன். கடைசியில டிவியைத் தூக்கிட்டு அப்பாகிட்ட ரிப்பேருக்கு வந்துட்டார். அப்பாவுக்குத் தெரியாமலே அப்பாவுக்கு வியாபாரம் பிடிச்சுக் கொடுத்த ஒரே பொண்ணு நான்தான். ஆனா அவர், 'என் வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்க, நான் என்ன செஞ்சாலும் அதுக்கு எதிரா செய்யறாங்க'ன்னு சொன்னப்போ உதடு வெளுத்திருந்துச்சு. எனக்கு ஏன்னு தெரியலை, சிரிப்பே வரலை. ரிமோட்டைத் திரும்ப வெச்சுட்டேன்.

லீவுக்கு வருவியா? சேட்டை எல்லாம் தேங்கிக் கிடக்கு.

இவண்,
உன் ஒரே வால்


ஜூலை 30

வாலுக்கு,

நலம். பதில் தாமதமானதுக்குக் கோவிச்சுக்காதே. நடுவுல பல்வலி. இடது பக்கம் முகம் வீங்கிப்போச்சு. ஒரு வேடிக்கை கேளு. கதவுக்கு என்னை அடையாளம் தெரியலை! முன்னாடி போய் நின்னா, 'அறியாத முகம், அறியாத முகம்'னு சொல்லுச்சு. வீக்கம் வடிஞ்ச பிறகுதான் ஒத்துக்கிச்சு. அதுக்கப்புறம் மாமா, நீ எதுக்குக் கதவுகிட்ட போறேன்னு சொல்லி, அதை அவர் ஃபோனுக்கு மட்டும் திறக்கற மாதிரி வெச்சுட்டார். எனக்கும் வெளிய என்ன வேலை இருக்கு?

லீவுக்கு வர முடியுமான்னு தெரியலை. நீங்களும் சிரமப்பட்டு வர வேண்டாம். மாமாவுக்கு வேலை அதிகம்.

உன் கட்டுரைக்கு ஒண்ணு. 'நாளைய வீடு' நிகழ்ச்சியில எனக்குப் பிடிச்ச காட்சி ஞாபகம் இருக்கா? சிரிப்பம்மா பத்து மணிக்குக் கூடையை எடுத்துட்டு, கதவைத் திறந்து, தெருவுல இறங்கி மார்க்கெட்டுக்கு நடந்து போவாளே, அது. வெயில் அவ முகத்துல விழும். இப்போல்லாம் அதையேதான் நினைச்சுட்டிருக்கேன். மறக்காம எழுது.

அம்மாவைப் பார்க்கணும் போல இருக்கு. அம்மா உடம்பைப் பார்த்துக்கச் சொல்லு.

தலை

(அடியில்)

உன் அக்கா எவ்வளவு ரசித்து எழுதியிருக்கிறாள் பார். — மாமா


ஆகஸ்ட் 6

மறதித் தலைக்கு,

எல்லாரும் சுகம், உன் மூளையைத் தவிர!

மார்க்கெட்டா? சிரிப்பம்மாவா? அந்த டேப்பை எத்தனை தடவை தேய்ச்சிருக்கோம். அவ நாற்காலியிலேர்ந்து சோபாவுக்கும் சோபாவிலேர்ந்து ஃப்ரிட்ஜுக்கும்தான் போவா. உன் பேச்சைக் கேட்டு நேத்து மறுபடி முழுசாப் பார்த்தேன். கூடையும் இல்லை, தெருவும் இல்லை, வெயிலும் இல்லை. ஆரம்பத்திலேர்ந்து கடைசி வரைக்கும் அந்த அம்மா ஒரு தடவைகூட வீட்டை விட்டு வெளிய வரலை! கதவு தானா திறக்குதுன்னு காட்டறாங்களே, அதுல உள்ள வர்றதுகூட டைக்காரர்தான். தலைக்கு வயசாயிடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லப் போறேன்.

அப்புறம், எந்தப் பல்லு? இடது கடைவாய்ப் பல்லைக் கல்யாணத்துக்கு முன்னாடியே பிடுங்கியாச்சே. பையை வெச்சுட்டு நான்தானே பக்கத்துல நின்னேன், ஊசியைப் பார்த்துட்டு நீ விழாம நான் விழுந்தேனே! பிடுங்கின இடத்துல மறுபடி முளைச்சுதா? அப்படின்னா டைக்காரரே சொல்லாத அதிசயம் அது. அம்மாகிட்ட சொன்னேன். அவ கையில இருந்த கரண்டியைக் கீழ வெச்சுட்டு உன் லெட்டரை வாங்கி மறுபடி முதல்லேர்ந்து படிச்சா.

சீக்கிரம் எழுது. தப்பை ஒத்துக்கிட்டு எழுது.

வெற்றிவாகை சூடிய,
வாலு


ஆகஸ்ட் 29

அன்புள்ள வாலுக்கு,

வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அக்காவுக்கு வலது கை சுளுக்கு. அதனால் நான் எழுதுகிறேன்.

உன் லெட்டரை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அந்த நிகழ்ச்சியில் அப்படி ஒரு காட்சியே இல்லை என்று நீ எழுதியிருக்கிறாய். இருக்கிறது என்று அவள் சாதிக்கிறாள். இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்ல வேண்டும் அல்லவா? சின்ன விஷயம்தான். ஆனால் சின்ன விஷயத்தில் பொய் சொல்கிறவர்கள் வேறு எதற்காக எழுதுகிறார்கள் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. நம் வீட்டில் பொய் எனக்குப் பிடிக்காது, அவளுக்குத் தெரியும்.

அந்த டேப்பை எனக்கு அனுப்பு. நானே பார்க்கிறேன்.

அப்பாவுக்கு என் வணக்கம்.

மாமா


செப்டம்பர் 3

மதிப்புக்குரிய மாமாவுக்கும், சுளுக்குக் கை அக்காவுக்கும்,

உங்க ரெண்டு பேர் நலத்தையும் ரொம்ப எதிர்பார்த்து எழுதறேன். அக்கா கை சீக்கிரம் சரியாகணும்.

மாமா, என்னைத் தலைகீழாத் தொங்க விடுங்க. தப்பு என்னுது. முழுக்க முழுக்க என்னுது. 'நாளைய வீடு' ரெண்டு பாகம். நான் முதல் பாகத்தை மட்டும் பார்த்துட்டு வாய் கிழியப் பேசிட்டேன். அக்கா சொன்னது ரெண்டாம் பாகத்துல இருக்கு. பத்து மணி, கூடை, தெரு, வெயில், எல்லாம் அப்படியே இருக்கு. அக்கா ஒரு எழுத்துகூடப் பொய் சொல்லலை. நான்தான் அரைகுறை. பல்லு விஷயமும் அப்படித்தான், பிடுங்கினது வலது பக்கமாம். அம்மா திட்டினா.

டேப் அனுப்பலாம்னு எடுத்தப்போ நம்ம டெக் அதைத் தின்னுடுச்சு மாமா. உள்ள போன டேப் சேமியா மாதிரி வெளிய வந்துச்சு. அப்பா ஒட்டப் பார்க்கறார். ஒட்டினதும் நானே கொண்டு வந்து தர்றேன்.

அக்கா, நீ சொன்ன காட்சியை இப்போ நான் நல்லாப் பார்த்துட்டேன். ஒண்ணு விடாமப் பார்த்துட்டேன். அம்மாவும் அப்பாவும்கூடப் பார்த்தாங்க. கட்டுரைக்கு ஒரே ஒரு சந்தேகம். அந்த நிகழ்ச்சி எந்தக் கிழமை வரும்? அப்பா ஒரு நாள் சொல்றார், அம்மா ஒரு நாள் சொல்றா. ஞாபகசக்தியில நீதான் தலை. அவசரம் இல்லை, ஆனா முடிஞ்சா சீக்கிரம்.

உங்கள் பணிவுள்ள,
வாலு


செப்டம்பர் 18

வாலுக்கு,

நலம். கை இப்போ பரவாயில்லை, எழுத்துதான் கொஞ்சம் கோணல். உன் தப்பை நீ ஒத்துக்கிட்டது எனக்கு எவ்வளவு ஆறுதல்னு எழுதத் தெரியலை. அன்னிக்குதான் ஒழுங்காச் சாப்பிட்டேன்.

நிகழ்ச்சி வந்தது வியாழக்கிழமை. வியாழக்கிழமைகள்ல டைக்காரர் வெளியூர்ப் படப்பிடிப்புக்குப் போயிடுவார். காலையில போனா இருட்டினப்புறம்தான் வருவார். சிரிப்பம்மா தனியாத்தான் இருப்பா. ஆனா எங்க இருந்தாலும் டைக்காரர் அவளைப் பார்த்துட்டேதான் இருப்பார். அதனால முன்கூட்டி எதையும் எடுத்து வெக்க மாட்டா. கூடைகூட இருக்காது. கூடைன்னு நான் எழுதினதுதான் தப்பு.

கடைசியில அந்தக் கை வரும். அது வர்ற வரைக்கும் அவ சிரிச்சுட்டே இருப்பா.

எல்லாரும் உடம்பைப் பார்த்துக்கோங்க.

தலை

(அடியில்)

கட்டுரை முடிந்ததும் எனக்கும் ஒரு பிரதி. ஆவலாக இருக்கிறேன். — மாமா


செப்டம்பர் 24

அக்காவுக்கும் மாமாவுக்கும்,

நலம். அவசரத்துல கார்டு. கட்டுரைப் போட்டி வர்ற வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழக்கிழமை, பத்து மணிக்கு. பேனாவுக்கு இப்பவே மை போட்டு வெச்சுட்டேன். கணக்குப் பரீட்சை அன்னிக்கு நடந்த மாதிரியே நல்லபடியா நடக்கும்னு நினைக்கிறேன் அக்கா. நீ அங்கிருந்தே என்னை நினைச்சுக்கோ.

வாலு


அக்டோபர் 14

அன்புள்ள வாலுக்கு,

நலமாக இருக்கிறாயா? நான் நலம்.

அன்றைய கேமரா பதிவைப் பலமுறை பார்த்துவிட்டேன். மணி அடிக்கிறது. எல்லா மாடியிலும் கதவுகள் திறக்கின்றன. மக்கள் ஓடுகிறார்கள். உன் அக்கா மட்டும் ஓடவில்லை. நம் கதவு திறந்தே இருக்கிறது, அவள் உள்ளேயே நிற்கிறாள். ஸ்பீக்கரில் நான் அவளைக் கூப்பிடுகிறேன். உட்காரச் சொல்கிறேன். அவள் உட்காரக்கூடப் போனாள். அப்போது படத்தின் ஓரத்தில் ஒரு கை வருகிறது. பார்த்தவுடனே அடையாளம் தெரிந்தது. நகத்தில் பேனா மை. செருப்புகூடப் போடாமல் அவள் போய்விட்டாள்.

போலீஸிலிருந்து பேசினார்கள். எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னேன். உனக்கும் சொல்கிறேன். அவள் முகத்தைக் கதவிலிருந்து நான் அழிக்கவில்லை. எப்போது வந்து நின்றாலும் அவளுக்குத் திறக்கும்.

உன் முகத்தையும் சேர்த்திருக்கிறேன். வாசல் கேமராவில் நன்றாக விழுந்திருக்கிறது.

அப்பா அம்மாவுக்கு என் அன்பு.

மாமா


அக்டோபர் 27

பக்கத்து அறையில் இருக்கும் தலைக்கு,

சுவத்துக்கு இந்தப் பக்கம் நான் சுகம். அந்தப் பக்கம் நீ எப்படி இருக்கேன்னு உன்னைக் கேட்டா தலையை மட்டும் ஆட்டறே. ஆட்டறது என் இலாகா. அதனால லெட்டர். கதவுக்கு அடியில தள்ளறேன்.

மாமா லெட்டரை அப்பா ஸ்டேஷன்ல கொடுத்துட்டார். பழைய லெட்டர் எல்லாத்தையும் சேர்த்தே கொடுத்தார். நம்ம கேஸை எடுத்திருக்கற வக்கீலம்மா அதைத் தொடக்கூட விடாம கவர்ல போட்டு வெச்சாங்க. நான் பெரிய தைரியசாலி மாதிரி, 'தலை தப்பியது வால் புண்ணியம்'னு சொல்லி அவங்களைச் சிரிக்க வெச்சேன். உண்மையைச் சொல்லட்டுமா? தெரு முழுக்க காலிங் பெல்லை அமுக்கிட்டு ஓடினவ நான். இப்போ நம்ம வீட்டு பெல் அடிச்சா கட்டிலுக்குப் பின்னாடி போயிடறேன். நேத்து அடிச்சது தையல்காரர்.

அன்னிக்கு நீ பார்க்காததைச் சொல்றேன். அப்பா கீழ வாடகைக் கார்ல உட்கார்ந்திருந்தார். அம்மா படிக்கட்டுல முட்டியைப் பிடிச்சுட்டு நின்னா. மணிப் பெட்டியோட கண்ணாடிக்கு முன்னாடி போனதும் என் விரல் நகரலை அக்கா. ஸ்கூல்ல எவ்வளவு சுலபமா அமுக்கினேன்! 'தீ விபத்துக்கு மட்டும்'னு எழுதியிருந்துச்சு. அம்மா கீழேயிருந்து சத்தமில்லாம, 'தீதான்டி, அமுக்கு'ன்னா.

மணி அடிச்சுது. கதவு திறந்துச்சு. நீ வரலை. அந்த ஸ்பீக்கர் உன் பேரைச் சொல்லிட்டே இருந்துச்சு. கோபமா இல்லை, கொஞ்சற மாதிரி. எனக்கு இன்னும் காதுல கேட்குது. நீ பாதி உட்கார்ந்தே. அப்போதான் கையை நீட்டினேன். உள்ள காலெடுத்து வெக்க எனக்குப் பயம். கை மட்டும்தான் வந்துச்சு.

அப்பா நேத்து கடையை அடைச்சுட்டு 'நாளைய வீடு' போட்டுப் பார்த்தார். டெக் அதைத் தின்னலை, நான்தான் புளுகினேன். கடைசி வரைக்கும் பார்த்துட்டு, 'இந்தப் பொண்ணு ஒரு தடவைகூட வெளிய போகலையே. இத்தனை வருஷமா நான் கதவையே பார்த்துட்டு இருந்திருக்கேனே'ன்னார். அப்புறம் டிவியை அணைக்காம உட்கார்ந்திருந்தார். நான் போய்த்தான் அணைச்சேன். கட்டுரையை நான் கொடுக்கலை.

இப்போ இதை எழுதற காரணம். நேத்துக் காலையில நீ அடுப்படிக் கதவு முன்னாடி நின்னே. சாத்தியிருந்துச்சு. முகத்தை நேரா வெச்சுட்டு, அசையாம, அது திறக்கும்னு நின்னே. அம்மா உள்ளேயிருந்து பார்த்துட்டு ஓடி வந்து திறந்தா. முந்தாநாள் குளியலறைக் கதவுகிட்ட நீ நின்னப்போ அப்பா திறந்தார். அதுக்கு முன்னாடி நான். எல்லாக் கதவையும் கழட்டிடறேன்னு அப்பா திருப்புளியோட நிக்கறார். நான்தான் வேண்டாம்னேன். பாவம், நம்ம வீட்டுக் கதவு யாரை என்ன செஞ்சுது? அதுக்கு உன் முகமே தெரியாது. வீங்கியிருந்தாலும் தெரியாது, வீங்காட்டியும் தெரியாது. கைப்பிடி இடது பக்கம் இருக்கு. கொஞ்சம் தளர்ந்திருக்கும், தூக்கித் திருப்பணும்.

அவசரம் இல்லை. எனக்கும் பயமாத்தான் இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து பயப்படலாம்.

சுவத்தைத் தட்டினா உடனே வரும்,
வாலு


அக்டோபர் 28

வாலுக்கு,

பரவாயில்லாம இருக்கேன். நீ ஸ்கூல் போயிருக்கே. அம்மா மாடியில துணி காயப் போடறா, அப்பா கடையில.

இந்த லெட்டரை என் அறைக் கதவுக்கு அடியில தள்ளலாம்னு குனிஞ்சேன். அப்புறம் எழுந்துட்டேன். கைப்பிடியைத் தூக்கித் திருப்பினேன். கீச்சுன்னு சத்தம் வந்ததும் பயந்து விட்டுட்டேன். யாரும் எதுவும் சொல்லலை. மறுபடி திருப்பினேன்.

வந்து பார்த்தா லெட்டர் உன் மேஜைமேல இருக்கும். உன் அறைக் கதவும் சாத்தித்தான் இருந்துச்சு. கை யாருதுன்னு கேட்பே.

என்னுது.

தலை